லூப் ஒழிப்புப் போராட்டத்தின் சுருக்கமான வரலாறு

டேட்டாபேஸ் ராஜ்யத்தை ஒரு காலத்தில் ஐ.எம்.எஸ். என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஜாதகம் கணிக்க வசதியாகப் பிறந்த தேதிகூட இருக்கிறது: 1968 ஆகஸ்ட் 14. கலிஃபோர்னியாவில் டவுனி என்கிற ஊர். ராக்வெல் கம்பெனியின் விண்வெளிப் பிரிவில் ஒரு டெர்மினலில் 'ரெடி' என்று எழுத்து விழுந்தது. குழந்தையின் முதல் அழுகை அதுதான். சந்திரனுக்கு ஆள் அனுப்பும் அப்போலோ திட்டத்தில் திருகு, நட்டு, போல்ட், வால்வு என்று உதிரிபாகங்கள் மலைமலையாகக் குவிந்துகிடந்தன. எதற்குள் எது பொருந்தும், அதற்குள் எது பொருந்தும் என்று காகிதத்தில் எழுதினால் காகிதக் கட்டே சந்திரனைத் தொட்டுவிடும் என்பதால் ஐ.பி.எம்., ராக்வெல், கேட்டர்பில்லர் மூன்று கம்பெனிக்காரர்களும் கூடிச் செய்த ஏற்பாடு.

இந்த ராஜ்யத்தில் தகவல் எல்லாம் வம்சாவளிதான். அப்பா ரெக்கார்டு, அவருக்குக் கீழே பிள்ளை, பிள்ளைக்குக் கீழே பேரன். பேரனைப் பார்க்க வந்தவர் தாத்தாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 'கெட் யுனிக்' என்று கட்டளை கொடுத்தால் ஒருவர் வந்து நிற்பார். பிறகு 'கெட் நெக்ஸ்ட்'. அடுத்தவர். மறுபடியும் 'கெட் நெக்ஸ்ட்'. இன்னொருவர். 'ஜி.பி.' என்று இரண்டெழுத்து வந்தால் டேட்டாபேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், கடையைக் கட்டலாம். ஆக, அந்தக் காலத்து கோபால் மொழிப் புரோகிராமருக்கு வேதம், உபநிஷத்து, சோறு மூன்றுமே லூப்தான். லூப் போடத் தெரிந்தவன் ஆஸ்தான வித்வான். தெரியாதவன் பஞ்ச் கார்டு சுமக்கிறவன்.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சார்லஸ் பாக்மன் என்று இன்னொரு பெரியவர். வம்சாவளி போதாது, மாமன் மச்சான் உறவும் வேண்டும் என்று, ஐ.எம்.எஸ். பிறப்பதற்கு முன்பே ரெக்கார்டுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து ஐ.டி.எஸ். என்ற ஒன்றைச் செய்திருந்தார். 1973இல் டூரிங் விருது கொடுத்தார்கள். ஏற்புரையில் புரோகிராமரை மாலுமி என்று வர்ணித்தார். தகவல் கடலில் ஒரு ரெக்கார்டிலிருந்து இன்னொரு ரெக்கார்டுக்கு வழி கண்டுபிடித்துப் போகிற தீரன். துணைக்கு கோபர்நிகஸை வேறு இழுத்தார். இதுவரை கம்ப்யூட்டர் நடுவில் இருந்தது, இனிமேல் டேட்டாபேஸ் நடுவில் இருக்கும் என்பது உவமையின் சாரம். கோபர்நிகஸ் பூமியைத்தான் சுற்றவிட்டார். பாக்மன் புரோகிராமரைச் சுற்றவிட்டார். மாலுமிப் பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கூலி உயர்வு கேட்கவில்லை.

இந்தச் சுற்றலை எல்லாம் ஒழித்துக்கட்ட ஒருவர் ஏற்கெனவே அவதாரம் எடுத்திருந்தார். எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அமெரிக்காவுக்கு வந்து ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பார்த்துச் சினந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். பிறகு சமாதானமாகித் திரும்பினார். அதாவது, பிடிக்காத ஆட்சியைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. அப்படிப்பட்டவரை ஐ.எம்.எஸ். விற்கிற கம்பெனியிலேயே உட்காரவைத்தால் என்ன நடக்கும்? இரணியன் அரண்மனையில் பிரகலாதன் கதைதான் நடந்தது. 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் என்பது கணம். கணத்தின் மேல் கணிதம் செய்தால் இன்னொரு கணம் கிடைக்கும். யாரும் எங்கேயும் வழி தேடி அலைய வேண்டாம் என்றது கட்டுரை. கெட் நெக்ஸ்டும் கிடையாது, மாலுமியும் கிடையாது, கப்பலும் கிடையாது. உனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல். எப்படி எடுப்பது என்பது மெஷின் பாடு.

கட்டுரையில் கிரேக்க எழுத்துகளும் தலைகீழ் ஏ-க்களும் இருந்ததால் கம்பெனி மேலிடம் முதலில் அபாயத்தை உணரவில்லை. உணர்ந்தபோது நடந்த உரையாடலுக்கு ஆதாரம் கிடையாது, கற்பனை என்னுடையது.

"காட் சார் சொல்றது வாஸ்தவம்தான். ஆனா ஐ.எம்.எஸ்.லதானே வசூல் வருது?"

"அதான் நானும் சொல்றேன். ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு மூலையக் குடுத்துடலாம். சமர்த்தா ஆராய்ச்சி பண்ணட்டும். யாராவது வாங்கக் கேட்டா, இன்னும் வேகலன்னு சொல்லிடலாம்."

1974இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்கிற ஊரில் ஒரு மாநாடு. அங்கே அசல் பட்டிமன்றமே நடந்தது. தகவலைத் தேடச் சிறந்தது மாலுமியா, கணமா? ஒரு பக்கம் பாக்மன் அணி, மறுபக்கம் காட் அணி. லூப்பை ஒழித்துவிட்டால் சாமானியப் புரோகிராமருக்கு இந்தக் கணிதம் எப்படிப் புரியும் என்றது முதல் அணி. லூப் போட்டால் சாமானிய மனிதருக்கு எதுவுமே புரியாதே என்றது இரண்டாம் அணி. இரண்டுமே உண்மை என்பதுதான் இந்த விவகாரத்தின் சோகம்.

அதே மாநாட்டில் டான் சாம்பர்லின், ரே பாய்ஸ் என்று ஐ.பி.எம். இளைஞர்கள் இருவர் ஒரு கட்டுரை வாசித்தார்கள். காட்டின் கணிதத்தைத் தலைகீழ் ஏ இல்லாமல் பள்ளிக்கூட இங்கிலீஷில் எழுத ஒரு மொழி. பெயர் சீக்வல். மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் பிரசித்தம். பழைய முறையில் இதற்குப் பக்கம் பக்கமாக லூப் எழுத வேண்டும். சாம்பர்லினே அப்படி எழுதிப் பழகியவர்தான். காட் அதையே ஓரிரு வரியில் முடிப்பதைப் பார்த்து மதம் மாறியவர். பெயர் விஷயத்தில்தான் சகுனம் சரியில்லை. இங்கிலாந்தில் ஹாக்கர் சிட்லி என்ற விமானக் கம்பெனி சீக்வல் என்ற பெயரை ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருந்தது. எனவே உயிரெழுத்துகளைக் களையெடுத்து எஸ்க்யூஎல் ஆக்கினார்கள். இந்தக் கட்டுரையில் கிண்டலுக்கு இடமில்லாத வரி ஒன்று உண்டு: மாநாடு முடிந்த கொஞ்ச நாளில் ரே பாய்ஸ் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆக, லூப் ஒழிந்தது. வெடி வெடித்து, மிட்டாய் கொடுத்து, நரகாசுரன் செத்தான் என்று எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கலாம். குளித்துத் தலை துவட்டுவதற்குள் ஒரு சிக்கல். சிஸ்டம் ஆர் என்ற பெயரில் ஐ.பி.எம். இதைச் செய்துபார்த்தபோது, எஸ்க்யூஎல் விடையை கோபாலிடமும் பிஎல்/ஒன்னிடமும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த மொழிகளுக்குக் கணம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு வாய்க்கு ஒரு கவளம்தான் விழுங்கும். ஆயிரம் ரோவைத் தூக்கிக் கொடுத்தால் கோபாலுக்கு விக்கும். அதனால் கர்சர் என்ற ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். குவெரி விடையின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்வது. ஓப்பன் பண்ணு, ஃபெட்ச் பண்ணு, இன்னும் இருக்கிறதா பார், மறுபடி ஃபெட்ச் பண்ணு, தீர்ந்தால் குளோஸ் பண்ணு. கவனித்தீர்களா? கெட் நெக்ஸ்ட் மீசையை எடுத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. வேதாளம் முருங்கை மரத்தில் சௌகரியமாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐ.பி.எம். வேகட்டும் வேகட்டும் என்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் 1977இல் லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் பின்னாளில் ஆரக்கிள் ஆன கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஊருக்கெல்லாம் வெளியிட்டு வைத்திருந்தது. சமையல் குறிப்பை வாசலில் ஒட்டிவிட்டு உள்ளே போய்த் தூங்கினால் எதிர்வீட்டுக்காரன் ஓட்டல் வைக்காமல் என்ன செய்வான்? சிஸ்டம் ஆரோடு தங்கள் சரக்கு ஒத்துப்போக வேண்டும் என்று அதன் பிழை எண்களை எல்லிசன் கேட்டதாகவும், ஐ.பி.எம். தர மறுத்ததாகவும் சொல்வார்கள். சரி, நம் பிழைகளை நாமே செய்துகொள்வோம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த வகையில் ஆரக்கிள் இன்றுவரை தன்னிறைவு பெற்ற கம்பெனி. 1979இல் முதல் சரக்கை இறக்கினார்கள். அதற்கு வர்ஷன் 2 என்று பெயர். வர்ஷன் 1 வரவே இல்லை. ஒன்றாம் நம்பரை எவன் நம்பி வாங்குவான் என்ற வியாபார ஞானம். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் லூப் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் தப்பு.

காட் மட்டும் யோக்கியமா? 1985இல் எல்லாக் கம்பெனிகளும் நானும் ரிலேஷனல், நீயும் ரிலேஷனல் என்று போர்டு மாட்டிக்கொள்வதைப் பார்த்துக் கொதித்து, கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில் 12 விதிகள் வெளியிட்டார். எண்ணிப் பாருங்கள், 13 இருக்கும். பூஜ்யத்தில் தொடங்குகிறார். கணிதப் பேராசான் போட்ட பட்டியலிலேயே ஒன்று கூடுதல் என்பதில் சாதாரணப் புரோகிராமருக்கு எவ்வளவு ஆறுதல்! ஏழாம் விதி, சேர்ப்பதும் மாற்றுவதும் அழிப்பதும் கணமாக, ஒரே வீச்சில் நடக்க வேண்டும் என்றது. பன்னிரண்டாம் விதி இன்னும் கறார்: ஒவ்வொரு ரெக்கார்டாகத் தொடுகிற கீழ்மட்ட மொழி ஏதாவது இருந்துதொலைத்தால், அதை வைத்து மேல்மட்டச் சட்டங்களை ஏமாற்றக் கூடாது. ஏமாற்றுவார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

தெரிந்தபடியே நடந்தது. கஸ்டமர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். "எஸ்க்யூஎல் பிரமாதம் சார். ஆனா ஒரு இஃப் போடணும். கூடவே ஒரு சின்ன லூப்." சைபேஸ் கம்பெனி 1987இலேயே, டேட்டாபேஸுக்குள்ளேயே குடியிருக்கும் புரோகிராமான ஸ்டோர்டு புரொசீஜர் வைத்துக் கடை திறந்துவிட்டது. ஆரக்கிள் சும்மா இருக்குமா? 1988இல் ஆறாம் வர்ஷனோடு பிஎல்/எஸ்க்யூஎல் என்ற மொழி வந்தது. ஸ்டோர்டு புரொசீஜருக்கு 1992இல் வந்த ஏழாம் வர்ஷன்வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், லூப் முதல் நாளே ஆஜர்.

மொழியின் எலும்புக்கூட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இன்னொரு கூத்து. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் எழுபதுகளில் கணக்கெடுத்துப் பார்த்தபோது தன்னிடம் 450க்கும் மேற்பட்ட புரோகிராமிங் மொழிகள் புழங்குவதைக் கண்டுபிடித்தது. ஏவுகணைக்கு ஒரு மொழி, ரேடாருக்கு ஒரு மொழி, கேன்டீனுக்கும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒழித்து ஒரே மொழி என்று தீர்மானம். எதிர்பார்ப்புகளைப் பட்டியலிட்டு வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன், எஃகு மனிதன் என்று வரிசையாக ஆவணம் போட்டார்கள். நான்கு அணிகளுக்குப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறம் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். 1979இல் ழான் இக்பியா என்ற பிரெஞ்சுக்காரரின் பச்சை அணி ஜெயித்தது. மொழிக்கு ஏடா என்று பெயர். அதன் ராணுவத் தர எண் 1815. ஏடா லவ்லேஸ் பிறந்த வருஷம். கவிஞர் பைரனின் மகளுக்கு ஏவுகணைக்காரர்கள் செய்த மரியாதை.

அந்த அம்மாள் 1843இல் சார்லஸ் பாபேஜின் இயந்திரத்தைப் பற்றிய ஒரு பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்ற பெயரில் கட்டுரையைவிட நீளமாகத் தானே எழுதித் தள்ளிவிட்டார். (மூல ஆசிரியரை இப்படி ஓரங்கட்டிய மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து எத்தனை பேர் பொறாமைப்பட்டிருப்பார்களோ.) கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழிமுறை வருகிறது. அதில் 13ஆம் செயல் முதல் 23ஆம் செயல் வரை திரும்பத் திரும்பச் செய்யும்படி எழுதியிருக்கிறார். லூப்! அதே அட்டவணையில் நான்காம் செயலில் ஒரு பின்னம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. ஆக, இயந்திரம் கட்டப்படுவதற்கு முன்னாலேயே, கட்டப்படவே போகாத இயந்திரத்துக்கு, லூப்பும் தயார், பக்கும் தயார். டெஸ்டிங் டீம் மட்டும்தான் பாக்கி.

இப்படி ஏவுகணைக்காக வெட்டிய மொழியை ஆரக்கிள் எடுத்து, சம்பளப் பட்டியலுக்குத் தைத்துப் போட்டது. பிகின், எண்டு, எக்ஸெப்ஷன், பேக்கேஜ் எல்லாம் ஏடாவின் பழைய சட்டைகள். லூப் மூன்று ரகம். வெறும் லூப்: எக்ஸிட் வென் என்று சொல்லும்வரை சுற்றும், சொல்லாவிட்டால் கரண்ட் போகும்வரை சுற்றும். வைல் லூப். பிறகு ஃபார் லூப். இதில் கர்சர் ஃபார் லூப் என்று ஒரு செல்லப்பிள்ளை உண்டு. ஓப்பன், ஃபெட்ச், குளோஸ் எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம். குவெரியைக் கொடுத்தால் தானே திறந்து தானே ஊட்டித் தானே மூடிக்கொள்ளும். காட் ஒழித்த பண்டத்தை இவ்வளவு சொகுசாக யாரும் அதற்கு முன் பரிமாறியதில்லை.

பழக ஒரு டேபிளும் கொடுத்தார்கள். யூசர் பெயர் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர். ஸ்காட் என்பது ஆரக்கிளின் ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. எம்ப் என்ற அந்த டேபிளில் 14 ஊழியர்கள். கிளார்க் ஸ்மித்துக்கு 800, பிரசிடென்ட் கிங்குக்கு 5000. சென்னையில் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன எவரைக் கேட்டாலும் சொந்தச் சித்தப்பா சம்பளம் தெரியாது, ஸ்மித் சம்பளம் தெரியும். மேலாளரைவிட அதிகம் வாங்குவது யார் என்ற பழைய பிரசித்தக் கேள்வியை இந்த டேபிளிடம் கேட்டால் இரண்டு பெயர் வரும். மேலாளர் ஜோன்ஸ் 2975 வாங்க, அவருக்குக் கீழே 3000 வாங்குகிறவர்கள் ஃபோர்டு, ஸ்காட். ஆமாம், ஸ்காட். தற்செயல் என்றே நம்புவோம்.

இந்த 14 பேரின் மேல் கோடானுகோடி லூப்கள் ஓடியிருக்கின்றன. ஒவ்வொருவர் சம்பளத்தையும் கமிஷனையும் கூட்டி மொத்தம் காண்பது முதல் வாரப் பாடம். சம்பளம் மட்டும் கூட்டினால் 29025. கமிஷனைச் சேர்த்ததும் விடை காணாமல் போய்விடும். குறையாது, கூடாது, இருக்கவே இருக்காது. ஏனென்றால் ஸ்மித்துக்குக் கமிஷன் கிடையாது, அதாவது நல். நல்லோடு எதைக் கூட்டினாலும் நல். ஒரே ஒரு நல் பட்டதும் மொத்தமும் அந்த இடத்திலேயே சமாதியாகிவிடும். பிறகு கிங்கின் ஐயாயிரத்தைக் கொட்டினாலும் எழுந்திருக்காது. இந்த நல்லையும் அருளியவர் காட் பெருமான்தான். மூன்றாம் விதி. லூப்பை ஒழிக்க முடியாமல் போனாலும், லூப்புக்குள் அவர் வைத்த கண்ணிவெடி இது.

கண்ணிவெடி லூப்பின் வாசலிலும் உண்டு. வைல் லூப்பின் நிபந்தனை நல் ஆகிவிட்டால் லூப் உள்ளேயே நுழையாது. எக்ஸிட் வென்னின் நிபந்தனை நல் ஆகிவிட்டால் லூப் வெளியேயே வராது. ஒரே நல், ஒரு வீட்டில் ஆளை உள்ளே விடுவதில்லை, பக்கத்து வீட்டில் ஆளை வெளியே விடுவதில்லை. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க டிபிஎம்எஸ் அவுட்புட் என்று ஒரு வசதி. லூப்புக்குள்ளிருந்து செய்தி எழுதலாம். செய்தி உங்களுக்கு எப்போது தெரியும்? முழு புரோகிராமும் ஓடி முடிந்த பிறகு. முடிவில்லாமல் சுற்றுகிற லூப் ஏன் முடியவில்லை என்பதை, அது முடிந்ததும் சொல்லும். அதுவும் பழைய வர்ஷன்களில் யாரும் மாற்றாவிட்டால் 20,000 பைட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். மீறினால் பஃபர் வழிந்துவிட்டது என்று புரோகிராமே செத்துவிழும். நோய் என்ன என்று சொல்லவந்த டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மூச்சை விட்டுவிடுகிற கதை.

ரிவர்ஸ் விஷயம் இன்னும் ரசமானது. பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி எண்ண வேண்டும். மனுஷ ஜன்மம் எப்படி எழுதும்? ஃபார் ஐ இன் ரிவர்ஸ் 10..1 லூப். ஆரக்கிள் பிழை காட்டாது, முறைக்காது, ஒரு தடவைகூடச் சுற்றாது. சிறியது முதலில், பெரியது பின்னால், 1..10 என்றுதான் எழுத வேண்டும். ரிவர்ஸ் என்று சொன்னாயல்லவா, நானே திருப்பிக்கொள்கிறேன் என்பது அதன் வாதம். நீங்களும் திருப்பி, அதுவும் திருப்பினால் கணக்கு நேராகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கீழ் எல்லை பத்து, மேல் எல்லை ஒன்று. அதற்குள் எண்களே இல்லை. ஆகவே வேலையும் இல்லை. சர்க்கார் ஆபீசில் ஃபாரத்தைத் தலைகீழாக நீட்டினால்கூட ஒரு திட்டாவது விழும்.

இரண்டு இரண்டாகத் தாவி எண்ணலாமா? நெடுங்காலம் முடியவில்லை. இந்த ரோ வேண்டாம், அடுத்ததற்குப் போ என்று சொல்ல கன்டின்யூ உண்டா? 2007இல் பதினோராம் வர்ஷன் வரும்வரை இல்லை. பத்தொன்பது வருஷம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? கோடூ போட்டார்கள். கோடூ தீங்கு என்று டைக்ஸ்ட்ரா 1968இலேயே எழுதி, உலகமே ஆமாம் சாமி போட்டு, பாடப் புத்தகத்திலிருந்து அதைக் கல்லெறிந்து விரட்டி, எல்லாம் ஆன பிறகு. அந்தக் கோடூ போய் நிற்க லூப்பின் கடைசியில் ஒரு லேபிள் வேண்டும். லேபிளுக்குப் பின்னால் ஏதாவது ஒரு கட்டளை இருந்தே ஆக வேண்டும், வெறும் எண்டு லூப் போதாது. அதற்காக நல் என்று ஒரு கட்டளை. எதுவுமே செய்யாத கட்டளை. ஆக, ஒன்றும் செய்யாத இடத்துக்கு, செய்யக் கூடாத வழியில் தாவிப் போய், ஒன்றும் செய்யாமல் திரும்புவது. பாங்கு வட்டிக் கணக்குகள் இப்படித்தான் ஓடின.

வேகம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வருவோம். ஆரக்கிளுக்குள்ளே இரண்டு இயந்திரங்கள். ஒன்று எஸ்க்யூஎல் வேலை செய்யும், இன்னொன்று பிஎல்/எஸ்க்யூஎல் வேலை. லூப்புக்குள் ஒரு அப்டேட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் இங்கிருந்து அங்கே போய்த் திரும்ப வேண்டும். கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு ஓர் அப்பளம் வைத்துவிட்டு, அடுத்த அப்பளத்துக்குச் சமையல்கட்டுக்கு ஓடி, கதவைத் திறந்து, பரிசாரகரிடம் கேட்டு, வாங்கி வந்து இரண்டாவது இலைக்கு வைப்பது போல. பத்து லட்சம் இலை. கடைசி இலைக்காரருக்கு அப்பளம் வரும்போது கல்யாணமான தம்பதிக்கு அறுபதாம் கல்யாணம். கூடையோடு எடுத்துவந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஒற்றை அப்டேட் வாக்கியம். காட் 1970இல் சொன்னது அதைத்தான். ஆரக்கிளின் டாம் கைட் பல வருஷம் மேடை மேடையாக இதையே சொல்லிவந்தார்: ஒரே எஸ்க்யூஎல்லில் முடிந்தால் அதில் முடி, முடியாவிட்டால் மட்டும் பிஎல்/எஸ்க்யூஎல் பக்கம் வா. கேட்டவர்கள் கைதட்டிவிட்டு ஆபீசுக்குத் திரும்பி லூப் போட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. கணமாக யோசிக்கிற மூளை யாருக்கும் பிறவியில் வாய்ப்பதில்லை. சம்பளப் பட்டியலைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் முதல் பெயரில் விரல் வைத்துக் கீழே இறக்குவார்கள். ரோவுக்கு ரோ தனி வழக்கு, தனிப் பிழை, தனி மன்னிப்பு வேண்டியிருக்கிற இடங்களும் உண்டு. அங்கே லூப் போடுவதே நியாயம். மற்ற இடங்களில் போட்டதற்குக் காரணம், லூப் போட்டால் ஒரு வேலை செய்த திருப்தி கிடைக்கிறது. மூன்று பக்கப் புரோகிராமை மேனேஜரிடம் காட்டலாம். ஒரு வரி குவெரியைக் காட்டினால் இதற்கா மூன்று நாள் என்று கேட்பார்.

சும்மா லூப் போட்டதோடு விட்டார்களா? உள்ளே, மாற்றங்களை நிரந்தரமாக்கும் கமிட்டும் போட்டார்கள். மாற்றங்களைத் திரும்பப்பெற வசதியாகப் பழைய நிலவரத்தை ஆரக்கிள் ஒரு மூலையில் சேர்த்துவைக்கும். அந்த மூலை நிரம்பிவிடுமோ என்ற பயம். ஆயிரம் ரோவுக்கு ஒரு கமிட், புண்ணியம். ஆனால் லூப்பின் தலையில் இருக்கும் கர்சர், தான் திறந்த நேரத்து நிலவரத்தைத்தான் கடைசிவரை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஜீவன். அதற்குத் தேவையான பழைய நிலவரம் அந்த மூலையில்தான் இருக்கிறது. கமிட் போடப்போட, இனி இது யாருக்கும் வேண்டாம் என்று ஆரக்கிள் அதன் மேலேயே புதியதை எழுதும். ராத்திரி இரண்டரை மணிக்கு, முக்கால்வாசி ஓடிய பிறகு, ஓஆர்ஏ 01555: ஸ்னாப்ஷாட் டூ ஓல்டு. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டிய காளிதாசனுக்காவது பிற்பாடு காளி கடாட்சம் கிடைத்தது. இங்கே கிடைப்பது டேட்டாபேஸ் நிர்வாகியின் ஃபோன்.

லூப்பை ஒழிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு ஆரக்கிள் 1999 வாக்கில் '8ஐ' என்ற வர்ஷனில் சமரசத்துக்கு வந்தது. பல்க் கலெக்ட்: ரோக்களைக் கூடையாக அள்ளு. ஃபார் ஆல்: கூடையாகவே திருப்பிக் கொடு. ஃபார் என்று பெயர் இருப்பதால் பலர் அதை லூப் என்று நம்புகிறார்கள். அது லூப் வேஷம் கட்டிய ஒற்றைக் கட்டளை. ஜனங்கள் உற்சாகமாகி மொத்த டேபிளையும் ஒரே கூடையில் அள்ளி, சர்வரின் மெமரியைத் தீர்த்தார்கள். ஒரு தடவைக்கு நூறு என்று லிமிட் வைத்துக்கொள் என்றார்கள். வைத்தார்கள். கூடவே ஃபெட்சுக்கு அடுத்த வரியிலேயே, பழைய பழக்கத்தில், நாட் ஃபவுண்டு என்றால் எக்ஸிட் என்றும் எழுதினார்கள். 250 ரோ இருந்தால் நூறு, நூறு, பிறகு ஐம்பது. கேட்ட நூறு முழுதாக வராததால் மூன்றாவது தடவையே நாட் ஃபவுண்டு உண்மையாகிவிடும். லூப் கண்ணியமாக வெளியேறிவிடும், கையில் இருக்கும் ஐம்பதைத் தொடாமலே. பிழைச் செய்தி கிடையாது. ஐம்பது பேருக்குச் சம்பளம் வராதபோதுதான் தெரியும். பத்தாம் வர்ஷனில் இன்னும் இறங்கிவந்து, சாதாரணக் கர்சர் ஃபார் லூப்பையே தொகுப்பான் திருட்டுத்தனமாக நூறு நூறாக அள்ளும்படி மாற்றிவைத்தார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக எடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எஸ்க்யூஎல்லாவது கற்போடு இருந்ததா என்றால், 1999 தர நிர்ணயத்தில் அதற்குள்ளேயே ரிகர்சிவ் குவெரி வந்துவிட்டது. விடை தீரும்வரை தன்னையே கேட்டுக்கொள்ளும் குவெரி. லூப் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வம்சாவளி தேட ஆரக்கிளில் கனெக்ட் பை என்று நெடுங்காலமாக ஒன்று உண்டு. பேரனே தாத்தாவுக்கு அப்பா என்று எவராவது தகவல் ஏற்றிவிட்டால், ஓஆர்ஏ 01436, உங்கள் டேட்டாவில் லூப் இருக்கிறது என்று நம் பக்கம் கைகாட்டும்.

எட்கர் காட் 2003இல் காலமானார். 2009இல் ஐ.பி.எம். தன் டிபி2வின் 9.7 வர்ஷனை வெளியிட்டது. ஆரக்கிள்காரர்களைத் தன் பக்கம் இழுக்க அதில் விசேஷ ஏற்பாடு: பிஎல்/எஸ்க்யூஎல் புரோகிராம்களை அப்படியே கொண்டுவந்து ஓட்டலாம். கர்சர், ஃபெட்ச், எக்ஸிட் வென் எல்லாமே. ரெக்கார்டு ரெக்கார்டாகத் தொடாதே என்று உபதேசித்தவரின் சொந்தக் கம்பெனி, அதற்கென்றே பிறந்த மொழியை, சொந்த டேட்டாபேஸில், போட்டிக் கம்பெனியின் இலக்கணத்தோடு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

ஆரக்கிள் அதற்கும் சளைக்கவில்லை. 2021இல், 21சி வர்ஷனில், ஃபார் லூப்புக்குப் புதுநகை போட்டார்கள். பை 2 என்று சொன்னால் இரண்டு இரண்டாகத் தாவும். காற்புள்ளி வைத்து ஒரே லூப்பில் பல எல்லைகள் தரலாம். வென் போட்டு வடிகட்டலாம். முப்பத்து மூன்று வருஷக் கோரிக்கைகள் ஏறத்தாழ எல்லாம் நிறைவேறிவிட்டன. ரிவர்ஸ் 10..1 மட்டும் இன்னமும் ஒரு சுற்றுகூடச் சுற்றுவதில்லை.